கதவைப் பூட்டி ஒரு ஜெபம்

கடவுள் கேட்கிறார் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. எங்கே இருந்து பேசினால் அவருக்குக் கேட்கும் என்பதில்தான் சின்ன வயதில் குழப்பம் இருந்தது.

போன மழைக்காலத்தில் என் மகன் நுவரெலியாவிலிருந்து வந்த பஸ் பாதிவழியில் நின்றுவிட்டது. மண் சரிந்து பாதை அடைபட்டிருந்தது. தொலைபேசியும் வேலை செய்யவில்லை. காலையில் புறப்பட்டவன் பொழுது சாயும்போது முழங்கால் வரை சேற்றோடு, யாரோ கொடுத்த பிஸ்கட் பைக்கற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தான். அவனுக்கு அது நண்பர்களிடம் சொல்லிக்கொள்ள ஒரு கதை. எனக்கு அப்படியில்லை.

எனக்கு இப்போது அறைகளும் கதவுகளும் உள்ள வீடு இருக்கிறது. ஜெபிப்பதற்கென்றே ஒரு மூலையில் நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பதற்றப்படாமல் இருப்பது எப்படி என்று பாடம் எடுக்கிறவள் நான். அன்று அந்த நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை. முற்றத்தில் இறங்கி நின்று, நனைந்துகொண்டு, தெருவே கேட்கும்படி ஆண்டவரோடு பேசினேன். பேசினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. எதிர்வீட்டுச் சிங்கள அம்மா குடையோடு ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டார். மகன் திரும்பி வந்து எத்தனையோ நாட்களாகியும், அவன் பஸ் ஏறிப் போனால் வந்து சேரும்வரை நான் வாசலை விட்டு அசைவதில்லை. அப்படி நின்றுகொண்டிருந்த ஒரு மாலையில்தான் என் அம்மாவையும் ஒரு பழைய மழைநாளையும் நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும்.

தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் இருந்தோம். காம்பரா என்கிற ஒரே அறை, முன்னால் திண்ணைபோல இஸ்தோப்பு, பின்னால் அடுப்படி. வீடு என்பது அவ்வளவுதான். அதற்குள் அப்பா, அம்மா, அக்கா, நான், தம்பி, அம்மாவின் தம்பியான மாமா. அடுத்த காம்பராவுக்கும் எங்களுக்கும் நடுவே இருந்த சுவர் கூரை வரை போகாது. ஆளுயரத்துக்கு மேல் கொஞ்சம் எழும்பி, அலுத்துப்போனதுபோல நின்றுவிடும். அதற்கும் தகரத்துக்கும் இடையில் இருந்த வெளி வழியாக இரண்டு வீட்டுப் புகையும், கருவாட்டு வாசமும், சண்டையும், ஜெபமும் தாராளமாகப் போய்வந்துகொண்டிருந்தன.

அந்தப் பக்கம் தன் மகளோடு இருந்தது நாங்கள் பெரியம்மா என்று கூப்பிட்ட ஒருவர். உறவல்ல, லயத்து முறை. மாரியம்மனுக்கு விளக்கேற்றுகிறவர். ஆனாலும் எங்கள் குடும்ப ஜெபத்துக்கு அவரைவிட ஒழுங்காக வந்த சபையார் கிடையாது. மாலையில் அப்பா ஜெபித்து முடிக்கும்போது எங்கள் ஆமெனோடு சுவருக்கு அப்பாலிருந்தும் ஓர் ஆமென் வரும். சில நாட்களில் கூடவே ஒரு கோரிக்கையும் வரும்.

"தம்பி, எங்க பசுவுக்கும் ரெண்டு வார்த்த சேத்துச் சொல்லுங்க. நேத்துலருந்து புல்லத் தொட மாட்டேங்குது."

அப்பா மறுபடியும் கண்ணை மூடி, பசுவை ஆண்டவரின் கையில் ஒப்புக்கொடுப்பார். மாமா சிரிப்பை மறைக்கப் போர்வைக்குள் புகுந்துகொள்வார்.

இதில் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. ஒருமுறை கணக்குச் சோதனையில் பூச்சியம் வாங்கியிருந்தேன். அதை அப்பா அறியாமல் காக்கும்படி படுக்கையில் கிடந்து ஆண்டவரிடம் கிசுகிசுத்தேன். மறுநாள் காலையில் இரண்டு வீட்டாரும் தண்ணீர் விழும் பீலியடியில் நின்று முகம் கழுவும்போது பெரியம்மா என்னைப் பார்த்து, "என்னாடி, கணக்குல முட்டையாமே! பயப்படாத, சாமி ஒங்கப்பாகிட்டச் சொல்ல மாட்டாரு. நானும் சொல்ல மாட்டேன்" என்றார். அப்பா வாயில் பற்பொடியோடு பக்கத்தில்தான் நின்றார்.

அந்த நாட்களில்தான் ஞாயிறு பாடசாலையில் உபதேசியார் எங்களுக்கு ஜெபத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார். நல்ல மனிதர். மழையோ வெயிலோ, கறுப்புக் குடையோடு தோட்டம் தோட்டமாக நடந்து வருவார். ஆண்டவரிடம் நெருங்கவேண்டுமென்றால் ஊர் பார்க்க ஜெபிக்கக்கூடாது, அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அந்தரங்கத்தில் ஜெபிக்கவேண்டும், அதைத்தான் இயேசு சொன்னார் என்றார்.

நான் கையை உயர்த்தினேன். "காம்பராக்குள்ள ஆள் இருந்தா என்னாங்க செய்யிறது?"

"அவங்கள வெளியில போகச் சொல்லும்மா."

"அப்பா படுத்திருந்தா?"

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எல்லோரும் எழுந்து ஒரு பாட்டுப் பாடலாம் என்றார்.

மற்றப் பிள்ளைகள் பாட்டோடு அதை மறந்துவிட்டார்கள். என்னால் முடியவில்லை. எனக்கு ஆண்டவரிடம் அவசரமாகக் கேட்கவேண்டிய ஒன்று இருந்தது.

அம்மா வெளிநாட்டுக்குப் போவதாக ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. எந்த நாடு என்று எனக்குத் தெரியாது. லயத்தில் அப்போது எல்லா நாட்டுக்கும் ஒரே பெயர்தான், வெளிநாடு. யாரோ ஒருவருடைய பெரிய வீட்டில் சமைத்து, அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஹட்டனிலிருந்து ஏஜென்சிக்காரர் ஒருவர் வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருந்தார். அப்பா ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

அம்மா எங்களை உட்காரவைத்து விளக்கினார். "ரெண்டே வருசம். கண்ண மூடித் தொறக்கக்குள்ள வந்துருவேன். அக்கா டவுன் ஸ்கூலுக்குப் போவா. நமக்குன்னு ஒரு வீடு கட்டலாம். ரூமு ரூமா, கதவு வச்சு."

அதற்குப் பிறகு அம்மா பாடத் தொடங்கினார். கொழுந்து எடுத்துவிட்டு வந்து, கால் கழுவும்போது பாட்டு, அரிசி களையும்போது பாட்டு. தோட்டத்துக் கிளாக்கரின் வீட்டுக்குப் போய், கேஸ் அடுப்பைப் பற்றவைக்கப் பழகிக்கொண்டு வந்தார். அடுப்படியில் இல்லாத அந்த அடுப்பை எங்களுக்குக் கையாலேயே திருகிக் காட்டினார். "இப்புடித் திருகுனா பக்குனு புடிச்சிக்குது. ஊதவே வேணாம்!" அக்காவும் தம்பியும் சிரித்தார்கள். நான் அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா போகக்கூடாது என்று குடும்ப ஜெபத்தில் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். அக்காவிடம் சொன்னதும் என் தொடையில் கிள்ளினாள். "அம்மா காதுல விழுந்துச்சுன்னா அழுவாங்க. வாயத் தொறந்த, கொன்னுருவேன்." தனியாகக் கேட்கலாம் என்றால் சுவருக்கு அப்பால் பெரியம்மா. ஆகவே கதவுள்ள ஓர் அறை எனக்குத் தேவைப்பட்டது.

கட்டிலுக்கு அடியில் முயன்றேன். அங்கே கோழி அடையிருந்தது. அடுப்படியில் விறகுக்குப் பின்னால் குந்தினேன். மாமா பீடி பற்றவைக்க வந்து, "என்னா புள்ள, வயித்துவலியா?" என்றார். கக்கூசுக்குக் கதவும் இருந்தது, கொண்டியும் இருந்தது. ஆனால் ஆண்டவரை அங்கே கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. வெளியே வாளியோடு நின்றவர்களுக்கும் பொறுமையில்லை.

கடைசியில் பிள்ளைக்காம்பரா ஞாபகம் வந்தது. அம்மாமார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை ஆயாவிடம் விட்டுப் போகும் இடம் அது. லயத்துக்குக் கீழே தனியாக நின்ற கட்டடம். சுவர் கூரை வரைக்கும் போகும். அப்படியொரு சுவரை அந்தத் தோட்டத்தில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சனிக்கிழமை அரைநாள் வேலை என்பதால் மத்தியானத்தோடு குழந்தைகளும் போய்விடும். அம்மாவைக் கொழும்புக்கு அழைத்துப்போக ஏஜென்சிக்காரர் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. எனக்கு இருந்தது அந்தச் சனிக்கிழமைதான்.

ஆயா பின்பக்கம் தொட்டில் துணிகளை உதறிக்கொண்டிருந்தபோது உள்ளே நுழைந்து, சுருட்டி அடுக்கியிருந்த பாய்களுக்குப் பின்னால் முழந்தாளிட்டேன். பால்மா வாசமும் டெட்டோல் வாசமும் கலந்து அடித்தது. ஆயா வந்தார், ஜன்னலைச் சாத்தினார், வெளியே போய்க் கதவைப் பூட்டினார்.

பூட்டு விழுந்த சத்தத்தில் எனக்குப் பயம் வரவில்லை. பெரிய நிம்மதிதான் வந்தது. உள்ளே கொண்டியைக் காணோமே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து பூட்டிக்கொடுக்க ஆண்டவரே ஆள் அனுப்பிவிட்டார்.

வாய்விட்டு ஜெபித்தேன். யாரும் ஒட்டுக்கேட்காத இடத்தில் என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அம்மா போகக்கூடாது என்றேன். ஏஜென்சிக்காரருக்குக் காய்ச்சல் வரட்டும் என்றேன். அது பாவமாகத் தோன்றவே, சின்னக் காய்ச்சலாக வரட்டும் என்று திருத்திக்கொண்டேன். அதற்குமேல் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. இத்தனை நாள் தேடிக் கிடைத்த அறையில் ஜெபம் இவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் உபதேசியார் யாக்கோபைப் பற்றியும் சொல்லியிருந்தார். கடவுளைப் பிடித்துக்கொண்டு, ஆசீர்வாதம் தந்தாலொழிய விடமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றவர். நானும் அப்படியே செய்வதென்று முடிவுசெய்தேன். பதில் வராமல் எழுந்திருப்பதில்லை.

கொஞ்ச நேரத்தில் அக்கா என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. தண்ணீர் எடுக்கத்தான் கூப்பிடுவாள் என்று பேசாமல் இருந்தேன். பிறகு மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் மழை விழுந்தால் வேறு சத்தம் காதில் ஏறாது. பாயில் சாய்ந்தவள் தூங்கிவிட்டிருக்கிறேன். கண் விழித்தபோது உள்ளே மங்கிக்கிடந்தது. வெளியே ஆட்கள் ஓடினார்கள். மாமாவின் குரல் மட்டும் உடைந்து உடைந்து வந்தது.

"ஆத்துப் பக்கம் பாத்தாச்சா? பாலத்துக்குக் கீழ பாருங்க! தண்ணி ஏறுது!"

யாரோ ஆற்றில் விழுந்துவிட்டார்கள் போலிருக்கிறது. பாவம், அவர்களுக்காகவும் ஒரு வரி ஜெபித்தேன்.

மழை கொஞ்சம் தணிந்த நேரம், பிள்ளைக்காம்பராவின் சுவரோரம் யாரோ வந்து ஒதுங்கினார்கள். மூச்சு வாங்குவது பலகை ஜன்னல் வழியாகக் கேட்டது. பிறகு பேச்சுக் கேட்டது. அம்மா.

"எங்கப்பா வச்சிருக்க எம்புள்ளய?"

அப்பாவிடம் சண்டை போடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மறுபேச்சு வரவில்லை. அம்மாவே தொடர்ந்தார்.

"காலையில பெரட்டுல பேர் குடுக்கப் போகக்குள்ள ஒங்கையிலதான குடுத்துட்டுப் போனேன்? தெனம் அப்புடித்தான போறேன்? மலையில நிக்கக்குள்ளயும் ஒங்கிட்டதான பேசிக்கிட்டே நிக்கிறேன், பாத்துக்க, பாத்துக்கன்னு. இன்னைக்கு எங்க போன நீ? ஒன்ன நம்பித்தான விட்டுட்டுப் போகலாம்னு இருந்தேன். ஒரு பொழுது, ஒரு பொழுது பாத்துக்கிற முடியலையா ஒன்னால?"

நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அம்மா குடும்ப ஜெபத்தில் எப்போதும் பின்னால் உட்கார்ந்து, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, கேட்டும் கேட்காத குரலில் இரண்டு வரி சொல்பவர். அம்மாவுக்கு ஜெபிக்கத் தெரியாது என்பதே என் எண்ணம். இப்படி நீ, நான் என்று யாரிடமும் சண்டைக்கு நின்று நான் பார்த்ததில்லை.

பிறகு அம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

"சரி. நான் போகல. கேக்குதா? எனக்கு எவ்வளவு ஆச இருந்துச்சுன்னு ஒனக்குத்தான் தெரியும். அதையும் நீயே எடுத்துக்க. நான் போகலப்பா. எம்புள்ளயக் குடுத்துரு."

பதில் வந்துவிட்டது. நான் கேட்டது கேட்டபடியே, அம்மாவின் வாயாலேயே வந்துவிட்டது. இனி எழுந்திருக்கலாம். நான் முழங்காலை நிமிர்த்தி, அறை அதிர உரக்கச் சொன்னேன்.

"ஆமென்!"

வெளியே யாரோ சேற்றில் பொத்தென்று உட்கார்ந்தது கேட்டது.

"யாரு?" என்றார் அம்மா. அப்படி ஒரு குரலை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை.

"நாந்தாம்மா. ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கேன்."

இரண்டு கையாலும் பலகையை அடிக்கத் தொடங்கினார் அம்மா. லயமே ஓடிவந்தது. ஆயா சாவியைத் தேடி வந்து சேர்வதற்குள் மாமா கதவை உடைக்கப் போக, அப்பா தடுத்துப் பிடித்துக்கொண்டார். கதவு திறந்ததும் அம்மா என் முதுகில் நாலு வைத்தார். அடித்த கையாலேயே என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். இடுப்பில் வைக்கிற வயதை நான் எப்போதோ தாண்டியிருந்தேன். என் கால்கள் அம்மாவின் முழங்காலுக்குக் கீழே தொங்கின. அப்படியே லயம் வரைக்கும் சுமந்துகொண்டு ஏறினார்.

"நான் ஆத்தாகிட்டக் கேட்டேன், இவ இவ சாமிகிட்டக் கேட்டா" என்று பெரியம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார். "ரெண்டு பேரும் பேசி முடிச்சிருக்காங்க."

"எல்லாஞ் செஞ்சவரு ஒரு சாவிய மட்டும் ஆயாகிட்ட விட்டுட்டாரு பாருங்க" என்றார் மாமா. யாரும் சிரிக்கவில்லை. மாமாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார்.

திங்கட்கிழமை ஏஜென்சிக்காரர் காய்ச்சலில்லாமல் வந்தார். அம்மா இஸ்தோப்பில் நின்றபடியே, போகவில்லை என்றார். அவர் கோபப்படவில்லை. எல்லாம் சரியாகி வந்திருக்கிறது, பிள்ளைகளின் எதிர்காலம், யோசியுங்கள் என்று நிதானமாகப் பேசினார். அப்பாகூட, "ஒரு தடவ யோசிச்சிச் சொல்லு" என்றார்.

"வார்த்த குடுத்துட்டேன்."

"யாருக்கும்மா?" என்றார் ஏஜென்சிக்காரர்.

அம்மா தகரக் கூரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

எனக்கோ தலைகால் புரியவில்லை. அடுத்த ஞாயிறே உபதேசியாரிடம் போய், "நீங்க சொன்னது சரிதாங்க, கதவு இருந்தா ஒடனே கேக்குது" என்று சாட்சி சொன்னேன். அவர் என் தலையைத் தொட்டு, கர்த்தர் நல்லவர் என்றார். என் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகள் பிள்ளைக்காம்பராவைச் சுற்றி வர ஆரம்பித்தார்கள். சைக்கிள் வேண்டுமென்று ஒருவன், நீளமான தலைமுடி வேண்டுமென்று ஒருத்தி. ஆயா தடியோடு திரிந்தார்.

அம்மாவிடமும் கேட்டேன். "நான் ஜெபம் பண்ணுனதாலதான நீங்க போகல?"

அம்மா சட்டி கழுவிக்கொண்டிருந்தார். "ஆமா புள்ள. ஒன் ஜெபந்தான்" என்றார். சட்டியின் அடியில் பிடித்திருந்த கரியைத் தேங்காய்ப்பொச்சால் இன்னும் அழுத்தித் தேய்த்தார். நான் விளையாட ஓடிவிட்டேன்.

அம்மாவுக்குப் பேசியிருந்த அந்த வேலைக்குப் பெரியம்மாவின் மகள் போனாள். அம்மாதான் ஏஜென்சிக்காரரிடம் அவளைப் பற்றிச் சொல்லிவிட்டார். கேஸ் அடுப்பை எப்படித் திருகுவது என்று அவளுக்குக் கையால் காட்டிக்கொடுத்தார். தனக்கென்று தைத்து வைத்திருந்த புது கவுனை அவளுக்கு இடுப்பில் கொஞ்சம் பிடித்துக் கொடுத்தார். புறப்படுகிற அன்று பெரியம்மா அவளுக்குத் திருநீறு பூசினார். அம்மா அவள் தலையில் கைவைத்து, கண்ணை மூடாமலேயே முணுமுணுவென்று ஏதோ சொன்னார். எல்லோரும் பாதைக்கு இறங்கிப்போய் பஸ் ஏற்றிவிட்டோம்.

மலைப்பாதையில் போகும் பஸ் ஒரேயடியாக மறைந்துவிடாது. ஒரு வளைவில் காணாமல் போய், கீழே அடுத்த வளைவில் இன்னும் சின்னதாகத் தெரியும். பெரியம்மா முதல் வளைவோடு அழுதுகொண்டே திரும்பிவிட்டார். அம்மா திரும்பவில்லை. நெற்றிக்கு மேல் கையைக் குவித்து, ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பஸ்ஸைத் தேடி எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். உதடு அசைந்துகொண்டிருந்தது. கன்னத்தில் நீர் இறங்கியதைத் துடைக்கவில்லை.

"வாங்கம்மா, பசிக்குது" என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இரு, அந்தக் கடேசி வளைவையும் பாத்துட்டு வாறேன்" என்றார்.

பெரியம்மாவின் மகள் மேல் அம்மாவுக்கு இவ்வளவு பாசமா என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.